எழுதாத கட்டமும் பொய் எழுதிய கட்டமும்

எழுதவில்லை என்றால் செய்யவில்லை. செவிலியர் கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் தொடங்கி, கண்காணிப்பாளர் அறை, இணை இயக்குநர் அலுவலகம், நுகர்வோர் ஆணையம், நாளிதழின் மாவட்டப் பக்கம் வரை இந்த ஒரு விதிதான் ஆள்கிறது. கேஸ் ஷீட்டில் இரவு இரண்டு மணிக் கட்டம் காலியாக இருக்கிறதா? அப்படியென்றால் இரண்டு மணிக்கு அந்த நோயாளியை யாரும் பார்க்கவில்லை. பார்க்காதவர் அன்று டியூட்டியில் இருந்த சிஸ்டர். அவருக்கு மெமோ கொடு, விசாரி, தேவைப்பட்டால் சஸ்பெண்ட் செய். இரண்டு பேர் தண்டனை பெற்றால் இருபது பேர் ஒழுங்காக எழுதுவார்கள். அதிகாரிகள் இப்படி நினைக்கிறார்கள். நோயாளியின் உறவினர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மூத்த செவிலியர்கள் பலரும் இதையே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. செவிலியருக்கு அநீதி என்பதைவிட, யாரைக் காக்க இது சொல்லப்படுகிறதோ அந்த நோயாளிக்கே இது ஆபத்து என்பதுதான் என் முதன்மையான குற்றச்சாட்டு.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று வையுங்கள். ஆற்றைத் தாண்டி அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே சமாளிக்க முடியாது என்றால் 108 வண்டியில் ஏற்றி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அந்தப் பெண்ணை வழியில் மூன்று குழுக்கள் பார்க்கின்றன; ஒரு குழுவுக்கு இன்னொரு குழுவின் முகம் தெரியாது. முதல் குழு கண்டதும் செய்ததும் மூன்றாவது குழுவுக்குத் தெரிய வேண்டுமானால் அதற்கு இருக்கும் முக்கியமான வழி ரெஃபரல் சீட்டும் கேஸ் ஷீட்டும்தான். வழக்கு என்று வந்தால் குடும்பத்தின் கையில் இருக்கும் ஒரே சாட்சியும் அவைதான். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், உள்நோயாளிகளின் பதிவேடுகளை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்கின்றன. எழுதப்படாத ஒன்றுக்கு நகல் கேட்க முடியாது. பதிவின் அருமையைக் கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982இல் களவுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருங்காட்சியகத்திலிருந்து 2019இல் ஊர் திரும்பினார். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த படங்கள் இல்லையென்றால், அது எங்கள் சாமிதான் என்று நிறுவியிருக்க முடியுமா? ஆகவே பதிவு வேண்டுமா என்பதில் சண்டையே இல்லை. பதிவு இல்லாதபோது யாரைத் தண்டிப்பது, அந்தத் தண்டனை எதை விளைவிக்கும் என்பதில்தான் சண்டை.

1. காலிக் கட்டம் எதை நிரூபிக்கிறது? யாரும் எழுதவில்லை என்பதை நிரூபிக்கிறது; அதற்கு மேல் எதையும் இல்லை. எழுதாதது செய்யாததாகக் கொள்ளப்படும் என்ற விதி நீதிமன்றத்தில் சாட்சியத்தை எடைபோட உதவுவது. ஆவணத்தை உண்டாக்கும் வசதியும் பாதுகாக்கும் பொறுப்பும் மருத்துவமனையிடம் இருக்கின்றன, நோயாளியிடம் எதுவும் இல்லை. ஆகவே ஆவணம் இல்லாததன் சுமையை மருத்துவமனையே தாங்கட்டும் என்பது அதன் தர்க்கம். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996 ஆகஸ்டில் 29ஆவது வாரத்தில் ஒரு குழந்தை பிறந்தது; எடை 1,250 கிராம். இவ்வளவு குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை கெடும் அபாயம் உண்டு. சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்திருக்க வேண்டும்; செய்யவில்லை. பெற்றோருக்கு எச்சரிக்கையும் இல்லை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் குறிப்பாகச் சுட்டிக்காட்டியது. குழந்தை பார்வை இழந்தது. 2015 ஜூலை 1ஆம் தேதி நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டபோது, அதன் மிகப்பெரும் பகுதி அரசின்மேலும் மருத்துவமனையின்மேலும் விழுந்தது. 2004இல் ஒரு தில்லி மருத்துவமனை வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே திசையில் நின்றது: கவனக்குறைவு இல்லை என்று காட்டும் பொறுப்பு மருத்துவமனையுடையது, தனிமனிதர் பெயரைச் சுட்டிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ள முடியாது. மேலே இருப்பவர்களுக்கு எதிராக நீதிமன்றம் செய்துகொடுத்த ஆயுதத்தை, மேலே இருப்பவர்கள் கீழே திருப்பிச் செவிலியரின் கழுத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்த விதியின் மறுபக்கத்தையும் பாருங்கள். எழுதாதது நடக்கவில்லை என்றால், எழுதியது நடந்துவிட்டதா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் காவல் நிலையத்திலிருந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சிறைக்கு அனுப்பத் தகுதியாக இருக்கிறார்கள் என்று மருத்துவச் சான்று எழுதப்பட்டது. சில நாளில் இருவரும் இறந்தார்கள். அந்தத் தாளை எந்தத் தணிக்கையாளர் பார்த்திருந்தாலும் பதிவு முழுமை என்று டிக் போட்டிருப்பார். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கண்ணுக்குப் பொய் ஒருநாளும் அகப்படாது.

2. நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு மெமோ எழுதட்டும். நாற்பது நோயாளிகள் உள்ள வார்டில் இரவு பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரே செவிலியர் இருக்கிறார் என்று கொள்வோம். அரசு மருத்துவமனை வார்டுகளில் இரவில் நின்று பார்த்தவர்களுக்கு இது அதிசயமாக இருக்காது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் மூன்று சுற்றுக்கு 360 நிமிடம். ஊசியும் மாத்திரையும் இரண்டு சுற்று, ஆளுக்கு இரண்டு நிமிடம், 160 நிமிடம். மொத்தம் 520. ஒவ்வொரு முறை பார்த்ததையும் சார்ட்டில் எழுதி, கையெழுத்திட இரண்டு நிமிடம் என்றால் இன்னும் 240 நிமிடம். ஆக 760 நிமிடம். இருப்பதோ 720. இதில் புதிய அட்மிஷன் ஒன்றுகூட இல்லை, யாருக்கும் மூச்சுத் திணறவில்லை, டிரிப் கழன்று ரத்தம் வரவில்லை, டாக்டர் ரவுண்ட்ஸ் வரவில்லை, சிஸ்டர் தண்ணீர் குடிக்கவும் இல்லை. சென்சஸ், டயட் ரெஜிஸ்டர், ஸ்டாக், காலையில் ஒப்படைக்க வேண்டிய ரிப்போர்ட் புக் எதையும் நான் சேர்க்கவே இல்லை.

இந்தியச் செவிலியர் குழுமத்தின் விதிமுறை என்ன? மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர். மற்ற பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர். விடுப்பை ஈடுகட்ட மேலும் 30 சதவீதம். ஹைகிரவுண்டு போன்ற இடத்தில் நாற்பது படுக்கைக்கு 13 பேர், மூன்று ஷிஃப்டாகப் பிரித்தால் இரவுக்கு நான்கு பேர் வர வேண்டும். நான்கு பேர் இருந்தால் 760 நிமிட வேலை ஆளுக்கு 190 நிமிடம். எழுதாமல் போக அப்போது காரணமே இல்லை. எழுதாதவரைக் கேள்வி கேட்கும் உரிமையும் அப்போது வரும். ஒருவரை வைத்துவிட்டு நான்கு பேரின் எழுத்தைக் கேட்பவர், இரவு இரண்டு மணிக்கு ஒரு தேர்வைத் திணிக்கிறார்: மூச்சிரைக்கும் பதினேழாம் படுக்கைக்காரருக்கு ஆக்சிஜன் வைப்பதா, முப்பதாம் படுக்கைக்காரரின் சார்ட்டில் எழுதுவதா? சரியான தேர்வைச் செய்தவருக்குத்தான் மறுநாள் மெமோ வருகிறது.

3. பயம் எதை மாற்றும்? என் வாதத்தின் மையம் இதுதான். தண்டனைக்கு அஞ்சிய செவிலியருக்குக் கூடுதலாக நாற்பது நிமிடம் கிடைத்துவிடாது. கிடைக்கும் நேரம் அதேதான், நோயாளிகளும் அதே நாற்பது பேர்தான். மாறக்கூடியது ஒன்றே ஒன்று: கட்டம் காலியாக இருப்பது. அதை நிரப்ப ஒருவரைப் பார்க்க வேண்டும் என்ற அவசியமில்லை, பேனா போதும். காலை ஆறரை மணிக்கு, ஒப்படைக்கும் நேரத்துக்கு முன்னால், ஒரு வார்டு முழுவதும் 98.4, 80, 18, 120/80 என்று வரிசையாக நிரம்பும் சார்ட்டுகளை மருத்துவமனையில் வேலை பார்த்த எவரும் அறிவார்கள். டாக்டர்களும் அறிவார்கள், அதனால்தான் பலர் சார்ட்டைப் பார்க்காமல் தாமே நாடி பிடிக்கிறார்கள். பிரசவ அறையில் அரைமணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைக் குறிக்க வேண்டிய பார்ட்டோகிராஃப், குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து பின்னோக்கி வரையப்படுவது உலகெங்கும் தெரிந்த நோய். இதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. காலிக் கட்டத்துக்கு மெமோ உண்டு, பொய்க் கட்டத்துக்கு எதுவும் இல்லை என்று நிர்வாகமே அவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறது.

இதில் நோயாளிக்கு என்ன நேர்கிறது என்று பார்க்க, மேலே சொன்ன கர்ப்பிணியிடமே திரும்புவோம். அவருக்கு வந்திருப்பது கர்ப்பகால ரத்த அழுத்தம், வலிப்பு வரும் அபாயம் இருக்கிறது. வலிப்பைத் தடுக்கும் மருந்து மெக்னீசியம் சல்பேட். மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முன் முதல் தவணையை நரம்பில் 4 கிராம், இரண்டு பிட்டங்களிலும் சேர்த்து 10 கிராம் என்று போட்டு அனுப்புவது ஒரு முறை. அளவு மீறினால் இதே மருந்து மூச்சை நிறுத்திவிடும். அதனால்தான் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து அடுத்த தவணை தர வேண்டும். இப்போது ரெஃபரல் சீட்டில் மருந்துக் கட்டம் காலியாக இருந்தால் ஹைகிரவுண்டில் இருக்கும் டாக்டர் என்ன செய்வார்? சந்தேகப்படுவார். அம்பாசமுத்திரத்துக்குப் போன் போடுவார், கூட வந்த உறவினரைக் கேட்பார், பிட்டத்தில் ஊசித் தடம் இருக்கிறதா என்று பார்ப்பார், முழங்காலைத் தட்டிப் பார்ப்பார். காலிக் கட்டம் ஆபத்துதான். ஆனால் தன் ஆபத்தை அது தானே அறிவிக்கிறது. போடாத ஊசியைப் போட்டதாக எழுதியிருந்தாலோ அவர் நம்பிவிடுவார். அந்தப் பெண் வலிப்பு வந்து விழும்வரை நம்புவார். நள்ளிரவில் 150/100 இருந்தவருக்குப் பார்க்காமலே 120/80 என்று எழுதியிருந்தால், மேலே அனுப்பும் முடிவே எடுக்கப்பட்டிருக்காது. பிரசவத்துக்குப் பின் உள்ளுக்குள் ரத்தம் கசியும் பெண்ணின் நாடி 84, 96, 110, 124 என்று ஏறும் ஏணி அவர் உயிரைக் காக்கக்கூடிய முக்கியமான அறிகுறி. நான்கு கட்டத்திலும் 80 என்று எழுதிவிட்டால் ஏணியே இல்லை. எழுதாததைத் தண்டிக்கும் நிர்வாகம், கண்ணுக்குத் தெரியும் ஆபத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை வைக்கிறது. மாதாந்திரத் தணிக்கையில் பதிவு சதவீதம் உயரும். அதை முன்னேற்றம் என்று கலெக்டர் கூட்டத்தில் காட்டுவார்கள்.

4. தண்டனை யார்மேல் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிரந்தரப் பணியில் இருக்கும் செவிலியருக்கு 17(ஏ), 17(பி) என்று ஒழுங்கு நடவடிக்கை விதிகள் உண்டு. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை, மேல்முறையீடு என்று ஏதோ ஒரு வழி இருக்கிறது. ஒப்பந்தச் செவிலியரின் கதை வேறு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் ஆயிரக்கணக்கான செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தத்தில் எடுத்தது. தேர்வு எழுதி வென்றவர்கள். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் திரண்டு போராடியும், ஊதியம் படிப்படியாகக் கூடியதே தவிர அவர்களில் பெரும்பகுதியினர் பல ஆண்டுகள் ஒப்பந்தத்திலேயே இருந்தார்கள். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட 2,300க்கும் மேற்பட்டவர்கள் 2022 டிசம்பர் 31ஓடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இப்படிப்பட்டவரைத் தண்டிக்க 17(பி) தேவையில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்றால் முடிந்தது. தனியார் நர்சிங் ஹோம்களில் நிலைமை இன்னும் மோசம்: சான்றிதழை வாங்கிப் பூட்டிவைத்துக்கொள்ளும் இடங்களில் யார் எதைத் தட்டிக்கேட்பது?

சட்டமே இந்த மேல்கீழ் வேறுபாட்டை எழுதிவைத்திருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் எல்லோருக்கும் உச்சபட்சம் இரண்டு ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டாக்கியது. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்தால் மட்டும் இரண்டு ஆண்டு என்று விலக்கு தந்தது. அந்த விலக்குக்குரியவர் யார் என்று விளக்கமும் சேர்த்தது: மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். செவிலியரின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்காது. ஒரே படுக்கை, ஒரே மரணம், ஒரே இரவு. உத்தரவிட்டவருக்கு இரண்டு, நிறைவேற்றியவருக்கு ஐந்து. இந்த வேறுபாட்டைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுந்திருக்க வேண்டிய குரலில் நூறில் ஒரு பங்குகூட எழவில்லை.

வெளிநாட்டில் நியாயமாக நடக்கும் என்று எண்ணுபவர்களுக்கு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரம் பதில் சொல்லும். 2011 பிப்ரவரியில் அங்கே ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் ரத்தத்தில் தொற்றுப் பரவி இறந்தான். கணினி பழுதாகி ஆய்வக முடிவுகள் தாமதமான நாள் அது. பணியில் ஆட்களும் போதவில்லை. சிறுவனைப் பார்த்த ஏஜென்சி செவிலியர் அவன் அளவீடுகளைச் சரியாகக் கண்காணித்துப் பதியவில்லை என்பது அவர்மேலான குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. 2015இல் அவருக்கும் சிறுவனுக்குச் சிகிச்சையளித்த பயிற்சி மருத்துவருக்கும் ஒரே தண்டனை: இரண்டு ஆண்டு, நிறுத்திவைக்கப்பட்டது. இருவர் பெயர்களும் தத்தம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. மருத்துவருக்காக நாடு முழுவதும் மருத்துவர்கள் பணம் திரட்டினார்கள், 2018 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை மீட்டது. செவிலியரை மீட்க யாரும் வரவில்லை. மருத்துவர் செய்ததும் செவிலியர் செய்ததும் முற்றிலும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும் அமைப்பு சறுக்கிய நாளில் யார் தூக்கிவிடப்படுகிறார், யார் அடியில் விடப்படுகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

5. தண்டிக்காமல் பதிவை மேம்படுத்த முடியாது என்பவர்கள் தமிழ்நாட்டின் வெற்றியையே மறந்து பேசுகிறார்கள். பிரசவத்தில் தாய் இறந்தால் அந்த மரணத்தைத் தணிக்கை செய்யும் வழக்கத்தை நாட்டுக்கே முன்னோடியாக நடத்திய மாநிலம் இது. உலக சுகாதார நிறுவனம் 2004இல் இத்தகைய தணிக்கைக்கு வகுத்த அடிப்படை, யார் குற்றவாளி என்று தேடக் கூடாது, பெயரும் வெளிவரக் கூடாது, எங்கே தாமதம், எதனால் தாமதம் என்று மட்டும் தேட வேண்டும் என்பதாகும். இங்கிலாந்து 1952 முதல் இப்படித்தான் செய்கிறது. செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கம் கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் பெயர் நீக்கிய கேஸ் ஷீட்டுகளை வாங்கி ரகசியமாக ஆய்வு செய்கிறது. 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய்மார் இறப்பு கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, நாடு முழுவதுக்கும் 97. இந்த எண்களுக்குப் பல காரணங்கள் உண்டு, ஒரு தணிக்கை முறையை மட்டும் காரணமாக்க மாட்டேன். ஆனால் உண்மை எழுதப்பட்ட இடத்தில்தான் காரணம் தெரியவந்தது. வேலை போகும் என்ற பயம் இருக்கும் இடத்தில் யார் உண்மையை எழுதுவார்? நம்மூரில் தாய் இறப்புக் கூட்டங்கள் பல நேரங்களில் செவிலியரையும் இளநிலை மருத்துவரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் அரங்குகளாகிவிட்டன என்ற மனக்குறை மருத்துவத் துறைக்குள்ளேயே உண்டு. தணிக்கை அந்த இடத்துக்குப் போனால், அடுத்த கூட்டத்துக்கு வரும் கேஸ் ஷீட் திருத்தப்பட்டுத்தான் வரும்.

இனி எதிர்வாதங்கள். அவற்றில் வலுவானது சாத்தூர். 2018 டிசம்பரில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் தந்தவருக்குத் தொற்று இருப்பது 2016இலேயே பரிசோதனையில் தெரிந்திருந்தது, அவருக்குச் சொல்லப்படவில்லை. மறுபடியும் தந்தார், சிவகாசி ரத்த வங்கி ஏற்றுக்கொண்டது. ஊழியர்கள் மூவர்மேல் நடவடிக்கை பாய்ந்தது. இதற்குத் தண்டனை வேண்டாமா என்று கேட்பார்கள். நுணுகிப் பார்த்தால் இந்த வழக்கு என் பக்கம்தான் பேசுகிறது. 2016இன் முடிவு எழுதப்படாமல் போகவில்லை. எழுதப்பட்ட முடிவு உரியவரிடம் போய்ச் சேர வழியில்லாமல் இருந்தது. அந்த வழியை அமைக்காதவர்கள் யாரும் கூண்டில் ஏறியதாகத் தெரியவில்லை. உண்மை வெளிவந்ததும் தணிக்கையால் அல்ல. தனக்குத் தொற்று இருப்பதை வேறொரு பரிசோதனையில் அறிந்த அந்த இளைஞர் தானே மருத்துவமனைக்கு வந்து சொன்னார். தானே வந்து சொல்பவரால் உயிர் காக்கப்படும் என்றால், சொல்பவரை அச்சுறுத்தாத அமைப்பு எவ்வளவு அவசியம் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் கம்ப்யூட்டர் வந்தால் சரியாகிவிடும் என்பது இன்னொரு பதில். கிராம சுகாதார செவிலியர்களைக் கேளுங்கள். கர்ப்பிணிகளை இணையத்தில் பதியும் பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றான பிறகு அவர்கள் நோட்டிலும் எழுதுகிறார்கள், இணையத்திலும் ஏற்றுகிறார்கள். ஒரு வேலை இரண்டானதே ஒழியக் குறையவில்லை.

அப்படியானால் எந்தச் செவிலியரையும் எதற்காகவும் கேட்கக் கூடாதா? நிச்சயமாகக் கேட்க வேண்டும். பார்க்காத நாடியை எழுதியவரை, போடாத ஊசிக்குக் கையெழுத்திட்டவரை, மரணத்துக்குப் பிறகு சார்ட்டைத் திருத்தியவரை, வேண்டுமென்றே தாளைக் காணாமல் அடித்தவரைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும். ஒருவரைத் தப்புவிக்கப் பொய்ப் பதிவு உண்டாக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்கப் பழைய தண்டனைச் சட்டத்திலேயே 218ஆம் பிரிவு இருந்தது. அப்படி எழுதச் சொன்ன மேலதிகாரிக்கு இரட்டிப்புத் தண்டனை தர வேண்டும். போதுமான ஆள் இருந்தும், நேரம் இருந்தும் மீண்டும் மீண்டும் எழுதாதவர்மேல் நடவடிக்கை எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆள் இல்லாத இரவின் காலிக் கட்டத்தை இவற்றோடு ஒரே தட்டில் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். நேரம் கிடைத்தபின் எழுதுபவர், பார்த்த நேரத்தையும் எழுதும் நேரத்தையும் தனித்தனியே குறித்து எழுதினால் அது நேர்மையான பதிவு. அதற்கு மெமோ வரக் கூடாது. பார்க்க முடியவில்லை என்றால், முடியவில்லை, காரணம் இது என்று எழுதும் உரிமை செவிலியருக்கு வேண்டும். ஒரு வார்டிலிருந்து அத்தகைய வரி பத்து வந்தால், பத்து செவிலியருக்குக் குறிப்பாணை போகக் கூடாது. ஆள் கேட்டு ஒரு கோப்பு சென்னைக்குப் போக வேண்டும்.

உறவை இழந்து வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கோபம் நியாயமானது. ஒரு சிஸ்டரின் சஸ்பென்ஷன் உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள். அது உங்களை எழுப்பி அனுப்புவதற்காகவே தரப்படுகிறது. பெரும்பாலும் சில மாதத்தில் சத்தமில்லாமல் திரும்பப் பெறப்படும். கேஸ் ஷீட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். அதோடு அன்றைய டியூட்டி ரோஸ்டரையும் வார்டு சென்சஸையும் கேளுங்கள். உங்கள் வழக்கு மருத்துவமனையின்மேல் இருக்கட்டும்.

நெல்லை மாவட்ட நிர்வாகத்திடமும் சுகாதாரத் துறையிடமும் கேட்பது இதுதான். ஹைகிரவுண்டிலும் அம்பாசமுத்திரத்திலும் ஒவ்வொரு வார்டு வாசலிலும் அந்த ஷிஃப்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள் என்று எல்லோரும் பார்க்க எழுதி வையுங்கள். மரண விசாரணை எதுவானாலும் அதன் அறிக்கை இந்த இரண்டு எண்களில் தொடங்கட்டும். அவை இல்லாமல் ஒரு செவிலியரின் பெயரில் முடியும் எந்த அறிக்கையையும் அரசு ஏற்கக் கூடாது.